மூக்கறிஞரின் இருபது நிமிடங்கள்

மன்னார்ப் பட்டினத்தில் கழுதைகளுக்கு அடுத்தபடியாக, யாருடைய முயற்சியும் இல்லாமல் தானாகவே பெருகிவரும் உயிரினம் மூக்கறிஞர். கழுதை நடுத்தெருவில் நிற்கும். கண்டால் சுற்றிக்கொண்டு போய்விடலாம். மூக்கறிஞர் உங்கள் சட்டைக் கழுத்துக்குப் பின்னால் நிற்பார். நீங்கள் திரும்புவதற்குள் முகர்ந்து முடித்திருப்பார்.

அவரை நீங்கள் சந்தித்திருக்கிறீர்கள். குளித்து, அயர்ன் பண்ணிய சட்டை போட்டு, கலியாண வீட்டுக்குப் போகிறோமே என்று அக்கா பிரான்சிலிருந்து அனுப்பிய போத்தலை அலுமாரியிலிருந்து எடுத்து இரண்டு தரம் அடித்துக்கொண்டு, மண்டப வாசலில் கால் வைத்து, தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடும் அந்த நேரத்தில், உங்கள் தோளுக்கு மேலே ஒரு மூக்கு வந்து, இரண்டு முறை உறிஞ்சி, கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சரித்து, எக்ஸ்றே படத்தைப் பார்க்கும் வைத்தியர்போலக் கொஞ்சம் மௌனம் காத்து, கடைசியில் 'ம்ம்' என்கிறதே, அவர்தான். அந்த 'ம்ம்' பாராட்டு அல்ல. விசாரணையின் தொடக்கம்.

"என்ன அடிச்சிருக்கிறியள்?"

"சென்ற்."

"அது தெரியுது. என்ன சென்ற்?"

"அக்கா அனுப்பினது."

"அக்கா எண்டொரு கொம்பனி இல்ல."

இவர் வருவதற்கு முன் நம் ஊரில் மணம் இரண்டே வகைதான். நல்ல மணம், கூடாத மணம். பெரும்பாலானவர்கள் அந்த இரண்டோடு பிறந்து, வளர்ந்து, பிள்ளைகுட்டி பெற்று, குறையொன்றும் இல்லாமல் போய்ச்சேர்ந்தார்கள். இவரோ ஒவ்வொரு சொட்டுக்கும் மூன்று தட்டு வைத்துக் கட்டிவிட்டார். அடித்த உடனே வருவது மேல் மணம், அதை நம்பக்கூடாது. பிறகு வருவது நடு மணம்; அதையும் முழுதாக நம்பக்கூடாது. இருபது நிமிடம் கழித்து, நீங்கள் சென்ற் அடித்ததையே மறந்து சோற்றில் கை வைக்கும்போது வருவது அடி மணம். உண்மை அங்கேதான் இருக்கிறது. ஒரு மணத்தை அது வந்த கையோடு அனுபவித்து மகிழ்வது இவருடைய சட்டப்படி குற்றம்.

அதோடு விட்டாரா? உங்களுக்கு என்ன தோன்றவேண்டும் என்பதையும் அவரே முடிவுசெய்வார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் மணிக்கட்டில் எதையோ அடித்து, "இப்ப உங்களுக்கு மழை பெய்து விட்ட ஒரு காடு தெரியோணும்" என்றார்.

"எனக்கு சலூன் தெரியுது தம்பி."

"இல்ல, காடு. வடிவாய் மணந்து பாருங்கோ."

"சலூன்தான். கதிரையும் தெரியுது. சின்ன வயசில அங்க என்ர காதை வெட்டினவங்கள்."

"அது பிழையான நினைவு," என்று அவர் தபாலதிபரைத் திருத்தினார்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒன்றைக் காண விரும்புகிறவர்கள் தாழ்வுபாட்டுக்குப் போகலாம். பெயர் மில்ரன். வயது முப்பத்தாறு. கட்டார் நாட்டுத் தோகாவில் பளிங்குத் தரை போட்ட பெரிய கடைத்தொகுதி ஒன்றில், வாசனைத் திரவியக் கடையில் நான்கு வருடம் வேலை செய்தவர். போத்தலைத் திறந்து விற்றவர்கள் வேறு ஆட்கள். மில்ரன் பின்பக்கக் களஞ்சியத்திலிருந்து பெட்டி சுமந்தவர். ஆனால் பெட்டி சுமப்பவனுக்கும் மூக்கு இருக்கிறதல்லவா? அந்த மூக்கோடு திரும்பி வந்து, இப்போது பட்டினத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். திருத்தக் கொடுத்த தொலைபேசியைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்வார். "ஆர் இதில கதைக்கிறது? காதில தேங்காயெண்ணெய்."

அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று, பழைய கலண்டர் மட்டையிலிருந்து விரல் அகலத்துக்கு வெட்டிய காகிதத் துண்டுகள். மணத்தை நனைத்துப் பார்க்க. மற்றது, கோப்பித்தூள் அடைத்த சின்னத் தகர டப்பா. ஒரு மணத்துக்கும் அடுத்த மணத்துக்கும் நடுவில் மூக்கைக் கழுவ. மாதா கோயிலில் பூசை நேரம் சமாதானம் சொல்லிக்கொள்ளும் கட்டத்தில் எல்லோரும் பக்கத்தில் நிற்பவருக்குக் கைகூப்புவார்கள். மில்ரனும் கூப்புவார். கூப்பிய கையோடு கொஞ்சம் முன்னால் சாய்வார். பூசை முடிந்து வெளியே வந்ததும் அறிக்கை வரும்: "மூண்டாம் வாங்கில நிண்ட மனுசன் இண்டைக்கு ரெண்டு சென்ற்றைக் கலந்திட்டுது." செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றி ஓடிக்கொலோன் தெளிக்கும்போது, பெண்கள் மார்பில் அடித்து அழுதுகொண்டிருக்க, இவர் பக்கத்திலிருப்பவரின் காதில் சொல்வார்: "தொடக்கம் நல்லாய்த்தான் இருக்கு. ஆனா நிண்டுபிடிக்காது."

பட்டினத்தில் அத்தர் விற்கும் ஸப்ராஸ் நானா இவரைக் கண்டால் கண்ணாடி அலுமாரியைப் பூட்டிவிடுவார். ஒருநாள் பூட்டத் தாமதமாகிவிட்டது.

"நானா, இதின்ர மேல் மணம் என்ன?"

"மல்லிகை."

"நடுவில?"

"மல்லிகை."

"கடைசியில?"

"கடைசியில கழுவுவீங்கதானே தம்பி? அப்ப சவர்க்காரம்."

இதெல்லாம் வெளியாட்களுக்குச் சிரிப்பு. அந்த மூக்கோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களை யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

டினோஜா நினைத்துப் பார்க்கத் தேவையில்லை. அவள் மில்ரனின் ஒரே தங்கை. வயது இருபத்தெட்டு. நானாட்டான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒவ்வொரு மாலையும் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் வந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் அவளுடைய நாளை வாசித்துவிடுவார். "இண்டைக்கு சனலோரம் சீற் கிடைக்கேல்ல. பக்கத்தில நல்லெண்ணெய் வச்ச ஆள்." சரியாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டிய அளவுக்குச் சரியாக இருக்கும்.

ஏனென்றால் டினோஜாவிடம் மறைக்க ஒரு மணம் இருந்தது. மண்ணெண்ணெய்.

வங்காலையில் படகு எஞ்சின் திருத்தும் றெக்ஸன், இரண்டு வருடத்துக்கு முன் சுயதொழில் விண்ணப்பம் ஒன்றோடு அவளுடைய மேசைக்கு வந்தான். விண்ணப்பத்தின் மூலையில் கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம் கிடந்தது. "கையைக் கழுவிப்போட்டு வந்திருக்கலாமே," என்றாள். "கழுவிப்போட்டுத்தான் வந்தனான்," என்றான். அங்கே தொடங்கியது. படகு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. அவற்றைத் திருத்துகிறவனும் ஏறக்குறைய அதில்தான் ஓடுகிறான். டினோஜாவுக்கு அந்த மணம் பிடித்துப்போனது. பஸ்ஸில் யாராவது மண்ணெண்ணெய்க் கலனோடு ஏறினால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இவள் வெளியே பார்த்துச் சிரிப்பாள்.

ஒருநாள் அண்ணன் வாசற்படியில் வழிமறித்தார்.

"மண்ணெண்ணெய்."

"கந்தோரில ஜெனரேற்றர் அண்ணா."

"ஒழுகுது. சொல்லித் திருத்துவி."

"ஆள் வந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறார் அண்ணா."

இரண்டு வருடம் செயலகத்து ஜெனரேற்றர் ஒழுகியது.

வீட்டில் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அப்பா பேதுரு போய்ச்சேர்ந்து ஏழு வருடம். அம்மா பிரான்சிஸ்காவிடம் கேட்டால் "அண்ணன் ஓம் எண்டால் எனக்கும் ஓம்" என்பார். அண்ணனோ காதலுக்கு எதிரி அல்ல. ஆனால் தன் மூக்கைத் தாண்டி ஒன்று இரண்டு வருடம் வீட்டுக்குள் வந்துபோயிருக்கிறது என்று தெரிந்தால், அந்த அவமானத்துக்காகவே 'இல்லை' என்பார். ஏற்கனவே வந்த இரண்டு சம்பந்தங்களை மூக்காலேயே திருப்பி அனுப்பியவர் அவர். முருங்கனிலிருந்து வந்த வங்கி உத்தியோகத்தருக்கு முகப்பவுடர் மணம்: "பவுடர் பூசுற ஆம்பிளை பொறுப்பெடுக்கமாட்டான்." பேசாலை வாத்தியார் உடம்புக்கு அடிக்கும் ஸ்பிரே அடித்திருந்தார்: "ரெண்டு மணித்தியாலத்தில முடிஞ்சுபோற மணம். இவனை நம்பி ஒரு ஆயுளோ?" இரண்டு முறையும் டினோஜா தலையைக் குனிந்து, கவலைப்படுகிற பெண் எப்படி இருப்பாளோ அப்படி இருந்துவிட்டு, மறுநாள் கோயிலில் அண்ணனுடைய மூக்கின் சுகத்துக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

இப்போது மூன்றாவது சம்பந்தம் றெக்ஸன். இந்த முறை மெழுகுதிரி உதவாது.

எங்கள் பக்கத்தில் நடக்கும் பேச்சுக் கலியாணங்களில் பாதி இப்படித்தான். காதலித்தவர்கள் ஒரு சின்னம்மாவைப் பிடிப்பார்கள். அவர் காதில் ஒரு பெயரைப் போடுவார்கள். தானே கண்டெடுத்த மாப்பிள்ளை என்று அவரே சத்தியம் செய்யும் அளவுக்கு அவரை நம்பவைப்பார்கள். பொம்பிளை பார்க்க வரும் நாளில் இரண்டு பேரும் வாழ்க்கையில் முதல்முறை காண்கிறவர்கள்போலக் குனிந்துகொள்வார்கள். சின்னம்மா தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் றெக்ஸனும் அவன் தாயும் வருவதாக ஏற்பாடு. மிச்சம் மண்ணெண்ணெய் மட்டும்தான்.

டினோஜா யோசித்தாள். உலகத்தில் அண்ணன் பிழை சொல்லாத மணம் ஒன்றே ஒன்று. தோகாவிலிருந்து புறப்படும்போது தனக்கென்று வாங்கிவந்த கறுப்புப் போத்தல். அதன் பிரெஞ்சுப் பெயர் அவரைத் தவிர ஒருவர் வாயிலும் நுழையாது. நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் கோயில் திருநாளுக்கும் மட்டும் வெளியே வரும். அடித்த அன்று அண்ணன் தன்னைத் தானே முகர்ந்துகொண்டு முற்றத்தில் உலாவுவார். சனிக்கிழமை அவர் கடைக்குப் போனபின், டினோஜா அலுமாரியைத் திறந்து, கழுவிக் காயவைத்த கண்மருந்துப் போத்தல் ஒன்றின் வாய்க்குள் அந்தக் கறுப்புப் போத்தலை முப்பத்தொரு தரம் அமுக்கினாள். மாலையில் அதைப் பஸ் தரிப்பிடத்தில் றெக்ஸனிடம் கொடுத்தாள்.

"சட்டையில ரெண்டு சொட்டு, முகம் துடைக்கிற லேஞ்சியில ரெண்டு சொட்டு. கூட வேண்டாம்."

"இதென்ன?"

"அண்ணா."

"என்னது?"

"அண்ணான்ர மணம். அண்ணாவுக்கு அண்ணாவை நல்லாய்ப் பிடிக்கும்."

திட்டத்தில் என்ன பிழை? ஒன்றுமில்லை. சாதாரண மனிதர்களுக்கு அது போதும்.

ஞாயிறு காலை மில்ரன் வீட்டின் மணங்களை நீக்கினார். கருவாட்டுப் பாயை வேலிக்கு அப்பால் இழுத்துப் போட்டார். தலையிடிக்கு அம்மா பூசும் பாமைப் பறித்து வைத்தார். சாம்பிராணிக்குத் தடை.

"காத்து கடல்பக்கமிருந்து வருது மோனை," என்றார் பிரான்சிஸ்கா. "அதுக்கும் ஒரு கட்டளை எழுதி ஒட்டிவிடு."

பத்தரைக்கு வாடகை வான் ஒன்று வந்து நின்றது. றெக்ஸன் வெள்ளைச் சட்டையில், நகங்களைத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த விரல்களோடு இறங்கினான். மில்ரன் அவன் கையைப் பிடித்தார், விடவில்லை, கொஞ்சம் சாய்ந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் டினோஜா மூச்சைப் பிடித்தாள். அண்ணனின் கண் மூடியது. முகம் மலர்ந்தது. இறைவா, மலர்ந்தது!

"எலுமிச்சை," என்றார் மில்ரன், ஆசைக் குரலில். "இத்தாலிப் பக்கத்து எலுமிச்சை. பின்னால ஏலம் வருது. தம்பி, இதை நீர் எங்க எடுத்தனீர்?"

றெக்ஸனுக்கு எஞ்சினைத் திருத்தத் தெரியும். பொய்யைத் திருத்தத் தெரியாது.

"ஒரு ஆள் தந்தது அண்ணை."

"வெளிநாட்டாளோ?"

"இல்ல... நானாட்டான் பக்கம்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொரு இதழாக மூடியது. மூக்கறிஞரைப் பற்றி டினோஜா அறியாதிருந்த ஒரு சங்கதி அப்போதுதான் வெளியே வந்தது: தன்னிடம் இருக்கும் மணம் இந்தத் தீவிலோ பெருநிலத்திலோ இன்னொருவனிடம் இருக்க முடியும் என்பதை அவர் ஏற்கவே மாட்டார். இருந்தால் அது போலி.

"டூப்ளிகேட்," என்றார் மில்ரன்.

"என்ர பிள்ளை சென்றே அடிக்கிறேல்ல தம்பி," என்று றெக்ஸனின் தாய் உதவிக்கு வந்தார். "இண்டைக்குத்தான் அதிசயமாய்..."

உதவி நேராகக் குழிக்குள் தள்ளியது. மில்ரன் விருந்தினரை விறாந்தையில் இருத்திவிட்டு, அம்மா பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார்.

"அம்மா, இது சரிவராது. கள்ளச் சரக்கை அசல் எண்டு பூசிக்கொண்டு வந்திருக்கிறான். மணத்தில பொய் சொல்லுறவன் எல்லாத்திலயும் சொல்லுவான்."

"அந்தப் பிள்ளை ஒரு பொய்யும் சொல்லேல்லையே மோனை."

"அவன்ர சட்டை சொல்லுது."

டினோஜா பலகாரத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறந்து, 'அது டூப்ளிகேட் இல்லை, உங்கள் போத்தல்தான்' என்று சொன்னால் றெக்ஸன் பொய்யன் என்ற பெயர் போகும். அடுத்த கேள்வி, 'என் போத்தல் அவன் சட்டைக்கு எப்படிப் போனது?' என்று வரும். அதற்கு அடுத்த கேள்வி ஜெனரேற்றர். மூன்றாவது கேள்விக்குப் பிறகு கலியாணம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாலும் கலியாணம் இல்லை.

மில்ரன் அதற்குள் அலுமாரியிலிருந்து கறுப்புப் போத்தலோடு விறாந்தைக்குத் திரும்பியிருந்தார். விருந்தினரை வெறுமனே அனுப்பிவிட்டால் அவர் மூக்கறிஞர் அல்லவே. நிரூபித்துத்தான் அனுப்ப வேண்டும். தன் லேஞ்சியில் இரண்டு தரம் அடித்தார். றெக்ஸனின் பையிலிருந்த லேஞ்சியைக் கேட்டு வாங்கினார். இரண்டும் வெள்ளை, மன்னாரில் ஆண்களின் லேஞ்சிக்கு வேறு நிறம் இல்லை. இரண்டையும் தேத்தண்ணிக் கோப்பையின் கீழ் வைக்கிற பீரிசுகள் இரண்டில் வைத்தார். வலப்பக்கம் தன்னுடையது. இடப்பக்கம் றெக்ஸனுடையது.

"மணந்து பாருங்கோ அம்மா," என்று றெக்ஸனின் தாயிடம் நீட்டினார்.

அவர் இரண்டையும் முகர்ந்தார். "ரெண்டும் ஒண்டுதானே தம்பி?"

"அதுதான் டூப்ளிகேட்டின்ர கெட்டித்தனம். இப்ப ஒரு மாதிரித்தான் இருக்கும். இருபது நிமிஷம் பொறுங்கோ. அடி மணம் வரேக்க ஆள் பிடிபடும்."

தொலைபேசியில் இருபது நிமிடம் வைத்தார். எல்லோரும் இரண்டு பீரிசுகளைச் சுற்றி இருந்தார்கள். தூரத்தில் காற்றாலைகள் தங்கள் பாட்டில் சுற்றின. அந்தப் பீரிசுகளை வேற்று ஆள் யாராவது அந்நேரம் பார்த்திருந்தால், வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று நினைத்திருப்பார். பன்னிரண்டாவது நிமிடத்தில் றெக்ஸனால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, அது வந்து... அந்த ஆள் ஆரெண்டு நான் சொன்னால்..."

"தேத்தண்ணி!" என்று டினோஜா தட்டோடு வெளியே வந்தாள். பொம்பிளை வெளியே வருகிற நேரம் அது அல்ல. அம்மா கூப்பிட்ட பிறகுதான் வரவேண்டும். யாரும் கவனிக்கவில்லை. தட்டை வைக்க மேசையில் இடம் போதவில்லை. பொறுப்பான பெண் என்ன செய்வாள்? பீரிசுகளை எடுத்துப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு, தட்டை வைத்து, கோப்பைகளைக் கொடுத்து, பீரிசுகளைத் திரும்ப மேசையில் வைப்பாள். அதைத்தான் செய்தாள். வைக்கும்போது றெக்ஸனின் லேஞ்சியின் மூலையில் கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம் தெரிந்தது. அதை உள்ளே மடித்தாள். மடித்த லேஞ்சியை வலப்பக்கம் வைத்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் விளங்கிய அறிவியல் இவ்வளவுதான்: அண்ணனின் மூக்கு மணத்தைப் பின்தொடர்வதில்லை. வலப்பக்கத்தைப் பின்தொடர்கிறது.

தொலைபேசி அடித்தது. மில்ரன் கோப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கைக் கழுவினார். இடப்பக்க லேஞ்சியை, தன்னுடையதை, இரண்டு விரலால் தூக்கினார். உறிஞ்சினார். முகம் சுருங்கியது.

"இந்தா, வந்திட்டுது. பிளாஸ்ரிக். கீழ கொஞ்சம் முகப்பவுடர். எனக்கு வயித்தைப் பிரட்டுது."

திரும்பவும் கோப்பித்தூள். பிறகு வலப்பக்கத்து லேஞ்சி. கண்ணை மூடினார். மூடிய கண் நெடுநேரம் திறக்கவில்லை.

"இது... இதுதான் அசல். பாருங்கோ அம்மா, எலுமிச்சை போயிட்டுது, ஏலமும் போயிட்டுது, இப்ப மரம் நிக்குது. அதுக்கும் கீழ ஒரு புகை. விளங்குதோ? அந்தப் புகை விலை கூடின சரக்கில மட்டும்தான் வரும். ஒரு எஞ்சின் சூடு மாதிரி, கடலுக்குப் போய் வந்த மாதிரி... இதுக்குள்ள ஒரு ஆம்பிளை நிக்கிறான். உழைக்கிறவன். பொய் இல்லாதவன். இப்பிடி மணக்கிறவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பொம்பிளை குடுக்கலாம்!"

டினோஜா தரையைப் பார்த்தாள். அண்ணனும் தங்கையும் ஒரே மணத்தை விரும்பியது அவர்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று மில்ரன் லேஞ்சியை விரித்து உதறினார். மூலையில் பெருவிரல்.

அவர் அதைப் பார்த்தார். இடப்பக்கத்து லேஞ்சியைப் பார்த்தார், அப்பழுக்கில்லாமல் இருந்தது. றெக்ஸனின் கையைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தும் போகாத கறுப்பு, பெருவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு வரியாக இருந்தது. றெக்ஸன் அந்தக் கையைத் தொடைக்குக் கீழே செருகினான். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

சாதாரண மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பான். அல்லது ஆத்திரப்பட்டு வானைத் திருப்பச் சொல்லியிருப்பான். ஆனால் மூக்கறிஞர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர். தோல்வி என்ற ஒன்று அவர்கள் மூக்குக்குள் நுழையும்போதே வேறொன்றாக மாறிவிடும். மில்ரன் லேஞ்சியை மெதுவாக மடித்தார். அடையாளம் உள்ளே போகும்படி மடித்தார்.

"நான் என்ன சொன்னனான்? இருபது நிமிஷம் பொறுக்கோணும் எண்டு சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனீங்கள் தம்பி," என்றார் றெக்ஸனின் தாய்.

"மேல் மணத்தைப் பாத்து ஆளை எடைபோடப்படாது. நானே அவசரப்பட்டிட்டன் எண்டால் பாருங்கோவன்! இது உங்கட பிள்ளையின்ர லேஞ்சி. அசல்."

"அப்ப மற்றது?"

அதுதான் இக்கட்டான கேள்வி. ஒரு பக்கம் தோகாவின் நினைவாக மிஞ்சியிருந்த ஒரே போத்தல். மறுபக்கம் மூக்கு. மில்ரன் போத்தலைப் பலிகொடுத்தார்.

"மற்றது என்ர. பழுதாய்ப் போச்சு. வெக்கைக்க நிண்ட சாமான்தானே." பிறகு றெக்ஸன் பக்கம் சரிந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த நானாட்டான் ஆளிட்ட எனக்கும் ஒண்டு எடுத்துத் தருவீரோ?"

றெக்ஸன் முதன்முறையாக டினோஜாவை நிமிர்ந்து பார்த்தான். "கேட்டுப் பாக்கிறன் அண்ணை. ஆள் கொஞ்சம் கள்ள ஆள். ஆனா எனக்குத் தரும்."

கலியாணப் பேச்சு ஒப்பேறியது. விருந்தினரை வழியனுப்பிவிட்டு வந்த மில்ரன் கறுப்புப் போத்தலைத் தங்கையிடம் தூக்கிக் கொடுத்தார்: "இந்தா, இதை எறிஞ்சுவிடு. இல்லாட்டில் குளியலறைக்கு அடி." டினோஜா எறியவில்லை. ஸப்ராஸின் கடையில் தங்க மூடி போட்ட வெற்றுப் போத்தல் ஒன்று வாங்கி, கறுப்புப் போத்தலில் மிஞ்சியிருந்ததை அமுக்கி அமுக்கி அதற்குள் இறக்கினாள். கோயிலில் கலியாண அறிவித்தலின் முதலாம் ஓலை வாசித்த ஞாயிறு, மாப்பிள்ளையின் அன்பளிப்பாக அது மில்ரனின் கைக்கு வந்தது. அவர் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு, இருபது நிமிடம் முற்றத்தில் நடந்து, பிறகு கண்கலங்கிச் சொன்னார்: "இதைப் பிடிக்கவேணும் எண்டால் ஒரு மூக்கு வேணும்."

பிரான்சிஸ்கா அன்று கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் குந்தியதும், நிமிராமலே கேட்டார்.

"உன்ர கந்தோர் ஜெனரேற்றர் இனி ஒழுகாதோ பிள்ளை?"

டினோஜா ஏற்கனவே திருப்பிய கருவாடொன்றை எடுத்து மறுபடியும் திருப்பினாள்.

"ஒழுகட்டும், ஒழுகட்டும். பொம்பிளை பாக்க வரேக்கயாவது லேஞ்சியைத் தோய்ச்சுப்போட்டு வாறதுக்கென்ன எண்டு கேள் அவனிட்ட."

மில்ரன் இன்றும் நலமாக இருக்கிறார். தங்கைக்கு மாப்பிள்ளையை மணத்தை வைத்தே தெரிவுசெய்தவர் என்ற புகழ் முசலிவரை போயிருக்கிறது. ஆலோசனை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். அவரை நினைத்து நீங்கள் சிரிக்கலாம், தடையில்லை. சிரித்து முடித்தபின் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். மணம் என்றில்லை, மாம்பழம், மீன், மனிதர்கள், எதுவாகவும் இருக்கட்டும். நீங்கள் அசல் என்றது அசலாகவும், போலி என்றது போலியாகவும், உங்கள் வீட்டில் இந்நாள்வரை ஒரு தடவையேனும் பிசகாமல் வந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர். இருந்தாலும், அடுத்த முறை உங்களுக்கு யாராவது தேத்தண்ணி கொண்டுவந்தால், கோப்பையைப் பார்க்காதீர்கள். கொண்டுவந்தவரின் கையைப் பாருங்கள்.